பினாங்கு ஜார்ஜ்டவுனில் மூன்று இரவு: சைவம் மட்டும் சாப்பிடும் அம்மா, முட்டி வலி உள்ள அப்பா. எங்கே சாப்பிடுவது, எதை எந்த நேரத்தில் பார்ப்பது?

நொய்யல்கரை:

வணக்கம். மே மாதம் கோவையிலிருந்து ஐந்து பேர் பினாங்கு வருகிறோம். நான், கணவர், பத்து வயதுப் பையன், என் அப்பா, அம்மா. முதல் நாள் மதியம் வந்து இறங்குகிறோம், நான்காம் நாள் மதியம் கிளம்ப வேண்டும். ஆக முழுதாகக் கையில் இருப்பது இரண்டு பகல், மூன்று சாயங்காலம்.

அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. அப்பாவும் நாங்களும் கோழி, ஆடு, மீன் சாப்பிடுவோம். மாடும் பன்றியும் யாருக்கும் வேண்டாம். அப்பாவுக்கு முட்டி வலி. சமதளத்தில் மெதுவாக ஒரு கிலோமீட்டர் நடப்பார், படி என்றால் கஷ்டம்.

தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். தங்கும் இடத்தை எந்தப் பகுதியில் பிடிப்பது? கொடிமலை (பினாங்கு ஹில்), கெக் லோக் சி கோயில், பழைய நகரம் மூன்றையும் எந்த வரிசையில் பார்த்தால் அப்பாவுக்குச் சிரமம் குறையும்? நாசி கண்டார், லக்சா, ச்சார் கொய் தியோ என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதில் எங்களுக்கு எது ஆகும், எது ஆகாது? அம்மாவை மூன்று நாளும் இட்லிக் கடையிலேயே உட்கார வைக்க மனசு வரவில்லை. அங்கேயே இருப்பவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

கொடிமலை64:

வாங்கம்மா. தங்குமிடத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் முட்டி வலிக்காரரோடு வருபவர்கள் அதிகம் தவறுவது அங்கேதான். லவ் லேன், லெபு சூலியா (லெபு என்றால் தெரு, ஜாலான் என்றால் சாலை) பக்கம் இருக்கும் பழைய கடைவீடுகளை அழகாகப் புதுப்பித்து விடுதியாக்கியிருக்கிறார்கள். படத்தைப் பார்த்தால் ஆசை வரும். ஆனால் பலவற்றில் மின்தூக்கி இல்லை. செங்குத்தான மரப்படி ஏறித்தான் மாடிக்குப் போக வேண்டும். கடைவீடு என்பது குறுகலாக நீண்டு பின்னால் போகும் கட்டடம். அதனால் நடுவில் இருக்கும் அறைகளுக்கு ஜன்னலே இருக்காது. பதிவு செய்யும் முன் "மின்தூக்கி உண்டா, அறைக்கு வெளிப்பக்க ஜன்னல் உண்டா" என்று இரண்டையும் எழுதிக் கேளுங்கள். ஜாலான் பினாங்கு, கொம்தார் கோபுரக் கட்டடம் பக்கம் மின்தூக்கி உள்ள சாதாரண விடுதிகள் கிடைக்கும். அங்கிருந்து பழைய நகரம் பக்கம்தான். வெளிநாட்டவர் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி கட்ட வேண்டும். அதோடு பினாங்கின் உள்ளூர்க் கட்டணம் 2 அல்லது 3 வெள்ளி. அறை வாடகையை முன்பே கட்டியிருந்தாலும் இதைப் பெரும்பாலும் முகப்பில்தான் வாங்குவார்கள், திகைக்க வேண்டாம். (ரிங்கிட்டை இங்கே தமிழில் வெள்ளி என்போம்.)

இரண்டாவது, நடைபாதை. பழைய நகரத்தில் கடைகளுக்கு முன்னால் தூண்களோடு கூரை போட்ட வழி இருக்கும். காக்கி லீமா, அதாவது ஐந்தடி வழி. நிழல் கிடைக்கும், மழையிலும் நனையாமல் போகலாம். ஆனால் ஒவ்வொரு கடைக்காரரும் தரையைத் தம் இஷ்டத்துக்கு உயர்த்தியிருப்பார். பத்தடிக்கு ஒரு முறை அரையடி ஏறி இறங்க வேண்டும். நடுவில் மோட்டார் சைக்கிள் நிற்கும், வழியை மறித்தபடி மேசை போட்டிருப்பார்கள். அப்பாவின் முட்டியைச் சோதிக்கப் போவது மலையைவிட இதுதான். காலை 8 மணிக்கு முன் தெருக்களில் வண்டி குறைவு. அப்போது சாலையோரமாகவே நடந்துவிடலாம்.

இனி வரிசை. முதல் நாள் மதியம் வருகிறீர்கள். அன்று எதையும் திட்டம் போடாதீர்கள். 4:30க்கு மேல் லிட்டில் இந்தியா, குவீன் தெரு மகாமாரியம்மன் கோயில், இருட்டும் முன் ச்சியூ ஜெட்டி. இது போதும். மாரியம்மன் கோயில் 1833ஆம் ஆண்டுக் கோயில். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் சாயங்காலம்தான் சரி. ச்சியூ ஜெட்டி கடலுக்குள் கம்பம் நட்டுக் கட்டிய சீனக் குடும்பங்களின் குடியிருப்பு. நடப்பதெல்லாம் பலகை, சமதளம், அப்பாவுக்கு ஆகும். பலகைக்கு இடையில் இடுக்கு இருக்கும், ஊன்றுகோல் வைத்திருந்தால் பார்த்து ஊன்றச் சொல்லுங்கள். இன்றும் ஆட்கள் வசிக்கும் வீடுகள் என்பதால் வீட்டு வாசலுக்குள் கேமராவை நீட்டக் கூடாது. இருட்டிய பிறகு போவதும் அழகில்லை.

இரண்டாம் நாள் ஆயர் ஈத்தாம் பக்கம். கொடிமலையும் கெக் லோக் சியும் ஒன்றுக்கொன்று இரண்டு கிலோமீட்டருக்குள்தான், ஒரே நாளில் முடிக்கலாம். மலைக்கு முதலில் போங்கள், அதுவும் காலை 7 மணி வாக்கில். மலை ரயில் 1923இல் ஓடத் தொடங்கியது. இப்போது ஓடும் பெட்டிகள் 2011இல் வந்தவை. ஏறக்குறைய 2 கிலோமீட்டர் பாதையைப் பத்து நிமிடத்துக்குள் ஏறிவிடும். வெளிநாட்டுப் பெரியவருக்குப் போகவர 30 வெள்ளி. வரிசையில் நிற்காமல் போக 80 வெள்ளிச் சீட்டு ஒன்றும் விற்கிறார்கள். காலையில் போனால் அந்த 80 வீண் செலவு. 10 மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிடும், விடுமுறை நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வரிசை நிற்கும். அப்பா அவ்வளவு நேரம் நிற்கக் கூடாது.

ரயிலின் உள்தளம் படிப்படியாக இருக்கும், இருக்கைகளும் குறைவு. கதவு திறந்ததும் அப்பாவை உட்கார வைத்துவிடுங்கள். பையனை ஏறும்போதும் இறங்கும்போதும் பெட்டியின் கீழ்முனைக் கண்ணாடியருகே நிற்கவைத்தால் நகரமும் கடலும் முழுதாகத் தெரியும். மேலே வெயில் கீழே இருப்பதைவிட நான்கைந்து பாகை குறைவு. முருகன் கோயிலும் பள்ளிவாசலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சுற்றிக் காட்ட மின்வண்டி வாடகைக்குக் கிடைக்கும், முட்டிக்காரர்களுக்கு அது நல்லது. மே மாதத்தில் மதியத்துக்கு மேல் மேகம் இறங்கிவிட்டால் மேலே போய் வெள்ளைச் சுவரைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

கெக் லோக் சிக்கு அடிவாரச் சந்தை வழியாகப் போகாதீர்கள். அது முழுக்கப் படி. கிராப் (செயலியில் அழைக்கும் வாடகை வண்டி) வண்டிக்காரரிடம் குவான் இன் (கருணைத் தாய்) சிலை இருக்கும் மேல் வாகன நிறுத்தத்துக்கே விடச் சொல்லுங்கள். 30.2 மீட்டர் வெண்கலச் சிலை அங்கேதான், அதைப் பார்த்துவிட்டுச் சாய்வு மின்தூக்கியில் கீழே பிரார்த்தனை மண்டபத்துக்கு இறங்கலாம். ஏழடுக்குக் கோபுரம் 1930இல் முடிந்தது. அடித்தளம் சீனபாணி, நடு தாய்லாந்து, உச்சி பர்மா. கீழே நின்றே மூன்றையும் பிரித்துப் பார்க்கலாம், அப்பா ஏற வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் பழைய நகரம். காலை 7:30க்கு ஆர்மேனியன் தெருவில் இருங்கள். 2012இல் எர்னஸ்ட் சகாரெவிச் வரைந்த சைக்கிள் குழந்தைகள் ஓவியத்தின் முன் 9 மணிக்கு மேல் படமெடுக்க வரிசை நிற்கும். அங்கிருந்து கூ கொங்சி என்ற சீனக் குலமண்டபம் ஐந்து நிமிடம், 9 மணிக்குத் திறக்கும். முன்பு இருந்த மண்டபம் 1901இல் எரிந்துபோனது, இப்போது நிற்பது 1906இல் முடிந்தது. கூரையில் ஒட்டியிருக்கும் பீங்கான் சில்லு வேலையைப் பார்க்கவே ஒரு மணி நேரம் வேண்டும். பிறகு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். தமிழ் முஸ்லிம் வணிகர் காதர் முகைதீன் தொடங்கியது, 1801. தொழுகை நேரம் தவிர மற்ற நேரத்தில் உள்ளே விடுவார்கள், போர்த்திக்கொள்ள அங்கி தருவார்கள். அதே சாலையில் சீனரின் கருணைத் தாய் கோயில், சாலை முடியும் இடத்தருகே 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். எல்லாம் ஒரே நேர்கோட்டில், ஒரு கிலோமீட்டர்கூட இராது.

11 முதல் 4 வரை வெளியில் நடக்காதீர்கள். அந்த நேரத்துக்குப் பினாங்கு பெரானக்கான் மாளிகை என்ற அருங்காட்சியகம். கார்ன்வாலிஸ் கோட்டையை நான் சேர்க்கவில்லை. பிரான்சிஸ் லைட் 1786இல் இறங்கிய இடம் என்பதற்கு மதிப்பு உண்டு, ஆனால் உள்ளே சுவரும் பீரங்கியும் வெயிலும்தான். நேரம் குறைவாக உள்ளவர்கள் வெளியிலிருந்து பார்த்தால் போதும்.

பயணப்பை:

ஐயா சொன்ன வரிசை அருமை. ஊரிலிருந்து கிளம்பும் முன் செய்ய வேண்டியதை மட்டும் சேர்க்கிறேன்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு மலேசியாவில் இப்போது 30 நாள் வரை விசா வேண்டாம். ஆனால் மின்னணு வருகை அட்டை கட்டாயம். வந்திறங்கும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும், கைக்குழந்தை உட்பட ஆளுக்கு ஒன்று. அரசுத் தளத்தில் அது முற்றிலும் இலவசம். தேடினால் முதலில் வந்து நிற்பவை பணம் கேட்கும் போலித் தளங்கள், கவனம். கடவுச்சீட்டில் ஆறு மாதம் பாக்கி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

பிளக் மூன்று சதுரக் கால் உள்ளது, நம் உருண்டைக் கால் ஏறாது. ஊரிலேயே இரண்டு மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். பணத்தில் 1, 5, 10 வெள்ளித் தாள்களாகக் கொஞ்சம் வேண்டும். ரேபிட் பினாங்கு பேருந்தில் பணமாகக் கொடுத்தால் மீதி தரமாட்டார்கள். ஒட்டுக்கடையில் (தெருவோரச் சாப்பாட்டுக் கடை) 100 தாளை நீட்டினால் முகம் சுளிப்பார்கள்.

விமான நிலையம் பாயான் லெப்பாசில், நகரத்துக்குத் தெற்கே. 401 பேருந்து கொம்தார் வழியாக ஜெட்டி (படகுத்துறை) வரை போகும். ஐந்து பேர், பெட்டிகள் என்றால் ஆறு இருக்கை கிராப் எடுங்கள், சாதாரண வண்டியில் நாலு பேர்தான். நகருக்குள் ஜெட்டிக்கும் கொம்தாருக்கும் நடுவே கேட் என்ற இலவசப் பேருந்து சுற்றிக்கொண்டே இருக்கும், அப்பா களைத்தால் அதில் ஏறிவிடலாம். மலைக்கு 204, பத்து ஃபெரிங்கி கடற்கரைக்கு 101. கடற்கரைக்கு இந்தத் தடவை போகாதீர்கள். ஒரு அரைநாளைத் தின்றுவிடும், தண்ணீரும் தெளிவு கிடையாது, ஜெல்லி மீன் வேறு.

கறித்தூள்:

சாப்பாட்டுப் பக்கம் நான் வருகிறேன். முதலில் ஒரு அடிப்படை. "ஹலால்" பலகை பார்த்தால் பன்றி இல்லை என்று உறுதி. மாடு இல்லை என்று அர்த்தம் ஆகாது. மலாய், மமாக் (தமிழ் முஸ்லிம்) கடைகளில் மாட்டுக்கறி தாராளம். சீன ஒட்டுக்கடையில் இது தலைகீழ். குவான் இன் பக்தர்கள் மாடு தொடமாட்டார்கள், அதனால் பல கடைகளில் மாடே இருக்காது. ஆனால் பன்றிக் கொழுப்பு எண்ணெய்க்குப் பதிலாகவே போகும். உங்கள் குடும்பத்துக்கு இரண்டும் ஆகாது என்பதால் இரு பக்கமும் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். மூன்று மலாய்ச் சொல் போதும்: டாகிங் என்றால் மாடு, கம்பிங் என்றால் ஆடு, பாபி என்றால் பன்றி. அகராதியில் டாகிங் என்றால் வெறும் இறைச்சி என்று போட்டிருக்கும். கடையில் தனியாகச் சொன்னால் அது மாடுதான்.

நாசி கண்டார். தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடிபோல் கம்பு வைத்து, ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்பு என்று துறைமுகத் தொழிலாளர்களுக்குத் தூக்கி விற்றது. அந்தக் கம்புதான் கண்டார். இன்று கடையில் பத்துப் பதினைந்து சட்டி வரிசையாக இருக்கும். சோற்றுத் தட்டோடு ஆள் நடந்துகொண்டே நீங்கள் கைகாட்டுவதை வைப்பார். கடைசியில் நாலைந்து சட்டியிலிருந்து ஒவ்வொரு கரண்டி குழம்பு ஊற்றுவார். சோறு மூழ்கும்படி ஊற்றினால் "பஞ்சிர்", வெள்ளம். ருசியே அந்தக் கலப்பில்தான். கோழிக் குழம்பின் காரம், மீன் குழம்பின் புளிப்பு, பருப்பின் கெட்டித்தன்மை, கருப்பாக இருக்கும் மாட்டுக் குழம்பின் இனிப்பு எல்லாம் சேர்ந்து வருவது.

உங்களுக்குச் சிக்கல் அந்தக் கருப்புக் குழம்பில். கோழி மட்டும் கேட்டாலும் குழம்பு ஊற்றும்போது பழக்கத்தில் அதையும் ஒரு கரண்டி விட்டுவிடுவார். அதனால் சோறு வாங்கும் முதல் வார்த்தையே "மாட்டுக் குழம்பு வேண்டாம், கோழியும் மீனும் மட்டும் ஊத்துங்க" என்று இருக்கட்டும். தமிழிலேயே சொல்லலாம், பல கடைகளில் கரண்டி பிடிப்பவருக்குத் தமிழ் புரியும். புரியாவிட்டால் "குவா டாகிங் தா மாவ்". கரண்டிகள் சட்டிக்குச் சட்டி மாறிப் போகும் என்பதையும் தெரிந்து வையுங்கள். அது மனசுக்கு ஒப்பாது என்றால் நாசி கண்டாரை விட்டுவிடுவதே நல்லது.

விலை எழுதியிருக்காது. தட்டில் வைத்த துண்டுக்குத் துண்டு கணக்கு. கோழி, வெண்டைக்காய், முட்டைக்கோஸ், முட்டை இவற்றுக்குப் பயமில்லை. பெரிய இறால், கணவாய், மீன் சினை, மீன் தலை இந்த நான்கும்தான் பில்லை இரண்டு மூன்று மடங்காக்கும். வைக்கும் முன் "இது எவ்வளவு" என்று கேளுங்கள், அதில் கூச்சம் வேண்டாம், உள்ளூர்க்காரர்களே கேட்பார்கள். ஐந்து பேர் ஐந்து தட்டு வாங்குவதைவிட சோற்றைத் தனித்தனியாகவும் கறியை நடுவில் சிறு தட்டுகளிலும் வாங்கினால் வீணாகாது. லெபு கேம்பலில் இருக்கும் ஹமீதியா 1907இலிருந்து நடக்கிறது. ஜாலான் பினாங்குச் சந்துக்குள் லைன் கிளியர். முதலாவதில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடலாம், பெரியவர்களோடு போக அதுவே சரி. வெள்ளிக்கிழமை 12:30இலிருந்து 2:30 வரை தொழுகைக்காக முஸ்லிம் கடைகள் பல மூடியிருக்கும், அன்று 11:30க்கே சாப்பிட்டுவிடுங்கள்.

ச்சார் கொய் தியோ. தட்டை அரிசி நூடுல்சை இறால், சிப்பி, முட்டை, முளைகட்டிய பயறு, பூண்டுத்தழை போட்டுக் கடும் நெருப்பில் வதக்குவது. சீனக் கடையில் பன்றிக் கொழுப்பில்தான் வதக்குவார்கள். "கொழுப்பு வேண்டாம்" என்று சொல்லிப் பயனில்லை, சட்டி அதேதான். ஹலால் பலகை உள்ள மலாய் அல்லது மமாக் ஒட்டுக்கடையில் கேளுங்கள். ஒரு தட்டாகப் போடுபவரைத் தேடுங்கள். மூன்று தட்டை ஒரே சட்டியில் போட்டால் சூடு இறங்கி நூடுல்ஸ் நீர் விட்டு வெந்துவிடும், அந்தக் கருகல் மணம் வராது. சிப்பியை அரைவேக்காட்டில்தான் போடுவார்கள், பழக்கமில்லாத வயிறுக்கு ஆகாது. "கெராங் தா மாவ்" என்று சொல்லி எடுத்துவிடுங்கள், பையனுக்குக் கட்டாயம்.

அசாம் லக்சா உங்கள் குடும்பத்தில் மீன் சாப்பிடும் எல்லோருக்கும் ஆகும். மாடும் பன்றியும் கிடையாது. கானாங்கெளுத்தி மாதிரி மீனைப் புளியில் வேகவைத்து உதிர்த்த சாறு, தடித்த அரிசி நூடுல்ஸ், அன்னாசி, வெள்ளரி, புதினா, புங்கா கந்தான் என்ற இஞ்சிப் பூ. மேலே கரண்டியில் ஒரு கருப்புக் கூழ் தருவார்கள், அது இறால் கூழ். முழுதும் கலக்காமல் ஓரத்தில் தொட்டுப் பாருங்கள், உப்பும் வாடையும் கடுமை. கெக் லோக் சி பார்த்துவிட்டு 11:30க்கு ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கமே சாப்பிடலாம்.

சாயங்காலத்துக்கு கெர்னி டிரைவ். சீன, முஸ்லிம் ஒட்டுக்கடைகள் தனித்தனிப் பக்கமாக இருக்கும். அங்கே பாசம்போர் வாங்கும்போது மறுபடியும் விலைக் கவனம். நீங்களே எடுத்துப் போடும் பொரியல், துண்டுக்குத் துண்டு காசு. மாவுப் பொரியல், டோஃபு, உருளைக்கிழங்கு போதும், இறாலையும் கணவாயையும் தொட்டால் விலை பறந்துவிடும்.

ஒட்டுக்கடை முறை புதியவர்களுக்குக் குழப்பும். முதலில் மேசை பிடியுங்கள், மேசை எண்ணைப் பாருங்கள். ஒருவர் உட்கார்ந்திருக்க, மற்றவர் கடைகடையாகப் போய் எண்ணைச் சொல்லிவிட்டு வரணும். சாப்பாடு வந்ததும் அந்தந்தக் கடைக்காரரிடம் காசு. பானம் மட்டும் இடத்துக்குச் சொந்தக்காரருடையது. அது வாங்காவிட்டால் சில காப்பிக் கடைகளில் தலைக்கு ஐம்பது காசு கேட்பார்கள். பானத்தில் "தே" என்றால் இனிப்புக் கெட்டிப்பால் போட்டு வரும், சர்க்கரை எக்கச்சக்கம். "தே ஓ" பாலில்லாதது. பின்னால் "கோசோங்" சேர்த்தால் சர்க்கரையும் இல்லை. "குராங் மானிஸ்" இனிப்புக் குறைவு. பெரியவர்களுக்குச் சர்க்கரை இருந்தால் இந்த இரண்டு சொல்லும் மருந்து.

நொய்யல்கரை:

ஐயா, அண்ணா, பயணப்பை, மூவருக்கும் நன்றி. மாட்டுக் குழம்பு ஒரு கரண்டி சேரும் என்பது தெரியாமலே வந்திருப்போம். ஹமீதியாவில் வெறும் கோழிக் குழம்போடு அப்பாவுக்கு வாங்கிக்கொள்கிறோம்.

இன்னும் இரண்டு சந்தேகம். காலையில் ரொட்டி சானாய் (நம் பரோட்டா மாதிரி), பருப்புக் குழம்பு என்றால் அம்மா சாப்பிடலாமா? இன்னொன்று, மலைக்கு சாயங்காலம் போனால் நகர விளக்கெல்லாம் தெரியும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். காலையா, மாலையா?

தண்ணீர்மலையடி:

தங்கச்சி, அம்மா சாப்பாட்டை நான் சொல்கிறேன், மற்ற இருவரும் அசைவத்திலேயே நின்றுவிட்டார்கள்.

ரொட்டி சானாய்க்குத் தரும் பருப்பை இங்கே டால்ச்சா என்பார்கள். அதில் எலும்பு போட்டு வேகவைப்பது வழக்கம். மேலே பார்த்தால் சாம்பார் மாதிரியே இருக்கும். மாவில் சில கடைகளில் முட்டையும் சேர்ப்பார்கள். அதனால் மமாக் கடையில் அம்மாவுக்கு வேண்டாம். லிட்டில் இந்தியாவில் லெபு பினாங்கில் உட்லண்ட்ஸ் முழுச் சைவம், அங்கே பசியாறுங்கள். மதியம் வாழையிலைச் சாப்பாடும் அந்தப் பக்கமே. ஒரே கடையில் சைவமும் அசைவமும் சமைக்கும் இடங்களும் அதே தெருவில் உண்டு, பலகையில் "சைவம்" என்று மட்டும் இருப்பதைப் பார்த்து நுழையுங்கள்.

இட்லிக் கடைக்கு வெளியே அம்மாவுக்குச் சிறந்தது சீனச் சைவக் கடைதான். நம்மவர்கள் அந்தப் பக்கம் போகவே யோசிப்பார்கள், அது தேவையில்லை. பௌத்தச் சைவம் என்பதால் வெங்காயம், பூண்டுகூடப் பல கடைகளில் சேர்ப்பதில்லை. சோற்றைத் தட்டில் வாங்கிக்கொண்டு இருபது வகைக் கறியில் வேண்டியதை எடுத்துப் போட்டு வந்தால் பார்த்து விலை சொல்வார்கள். மீன், கோழி வடிவத்தில் சோயாவில் செய்து வைத்திருப்பார்கள். அம்மா பார்த்துத் திடுக்கிடாமல் முன்பே சொல்லிவையுங்கள். முட்டை சேர்க்கும் கடையும் உண்டு, "தெலோர் தா மாவ்" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சீன மாதக் கணக்கில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, சீனர்கள் பலர் சைவம். அன்று சாதாரணச் சந்தையிலும் சைவ ஒட்டுக்கடை கூடுதலாக முளைக்கும், கூட்டமும் இருக்கும். உங்கள் தேதியில் அது விழுகிறதா என்று நாட்காட்டி பாருங்கள்.

ஏமாற்றும் பண்டங்களைச் சொல்கிறேன். பழ ரொஜாக் பெயரில் பழம், ஊற்றுவது இறால் கூழ். கீரை வதக்கலில் பெலாச்சான், அதுவும் இறால்தான். சைவ நூடுல்ஸ் என்று சாதாரணக் கடையில் கேட்டால் கறித்துண்டை மட்டும் எடுத்துவிட்டு அதே எலும்புச் சாற்றை ஊற்றித் தருவார்கள், அவர்கள் ஏமாற்றவில்லை, அவர்களுக்குச் சைவம் என்றால் அவ்வளவுதான். சம்பல் எதுவானாலும் நெத்திலியோ இறாலோ இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா கவலையின்றிச் சாப்பிட: செண்டோல். பாண்டான் இலைச் சாறு சேர்த்த பச்சை மாவு இழை, சிவப்பு பீன்ஸ், தேங்காய்ப்பால், குலா மலாக்கா வெல்லம், ஐஸ். நம் பாயசத்தைக் குளிர்ச்சியாகக் கொடுத்தது மாதிரி. ஜாலான் பினாங்கை ஒட்டிய லெபு கெங் குவீயில் நின்றுகொண்டே சாப்பிடும் கூட்டம் இருக்கும். வரிசை வேகமாக நகரும், ஆனால் உட்கார இடம் அரிது, அப்பாவுக்குப் பக்கத்துக் காப்பிக் கடையில் இடம் பாருங்கள். ஜாதிக்காய்ச் சாறும் பினாங்குக்கே உரியது, விதையில் இல்லை, சதைப் பகுதியில் பிழிவது. ஒட்டுக்கடைச் சட்டியில் சுடும் அப்பம் பாருங்கள், பெயர்கூட நம் பெயர்தான், "அப்போம்". ஆனால் பெரும்பாலும் முட்டை சேர்ந்திருக்கும், அம்மாவுக்குக் கேட்டுக் கொடுங்கள். மே கடைசியில் வந்தால் டுரியான் வரத் தொடங்கியிருக்கும். வாங்கினால் கடையிலேயே தின்றுவிட வேண்டும், விடுதிக்குள் கொண்டுபோனால் அபராதம் போடுவார்கள்.

கோயிலுக்கு ஒரு சொல். தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு ஐந்நூறுக்கு மேல் படி. அப்பாவால் ஆகாது. அதே சாலையில் 1857இல் கட்டிய நாட்டுக்கோட்டைச் செட்டியார் முருகன் கோயில் தரைமட்டத்தில் இருக்கிறது, தைப்பூச வெள்ளித்தேர் வந்து நிற்பது அங்கேதான். செட்டிநாட்டு மரவேலை பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த மண்டபம் பிடிக்கும். சாயங்காலம் நடை திறந்த பிறகு போங்கள்.

கறித்தூள்:

டால்ச்சாவை நான் சொல்லாமல் விட்டது தப்பு, அக்கா சொன்னது சரி. ரொட்டி சானாய் அப்பாவுக்கும் பையனுக்கும் வாங்கும்போதும் அந்த எலும்பு ஆடா மாடா என்று கேளுங்கள். சந்தேகம் என்றால் "குவா ஆயாம்" கேட்டால் கோழிக் குழம்பு தருவார்கள். காலை 10க்கு மேல் மாவு தீர்ந்துவிடும், 8 மணிக்குப் போவது நல்லது.

கடை அடைப்பு ஒன்றும் சொல்ல வேண்டும். ஒட்டுக்கடைக்காரர்கள் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் விடுப்பு எடுப்பார்கள், அது கடைக்குக் கடை மாறும், பலகையும் மாட்டமாட்டார்கள். ஒரே கடையை நம்பி இருபது நிமிடம் கிராப்பில் போகாதீர்கள். பத்துக் கடை உள்ள இடமாகப் போனால் ஒன்று மூடியிருந்தாலும் இன்னொன்று கிடைக்கும்.

கொடிமலை64:

மலைக்குக் காலையா மாலையா என்று கேட்டீர்கள். விளக்கு அழகுதான், பொய் இல்லை. ஆனால் அந்த அழகுக்காக 5 மணிக்கு ஏறியவர்கள் எல்லோரும் 8 மணிக்கு ஒன்றாக இறங்குவார்கள். இறங்கும் வரிசையை அப்பா நின்றே கழிக்க வேண்டும். மழை பிடித்தால் விளக்கும் தெரியாது, கீழே கிராப்பும் எளிதில் கிடைக்காது, கிடைத்தாலும் கட்டணம் ஏறியிருக்கும். முட்டி வலி இல்லாத நால்வர் என்றால் மாலையே போங்கள் என்பேன். உங்களுக்குக் காலைதான்.

நான்காம் நாள் காலை சும்மா இருக்கிறதே என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மூன்றாம் நாள் மழையில் எது விட்டுப்போனதோ அதற்கு அந்த 7 முதல் 10 மணி நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். விட்டுப்போனது ஒன்றுமில்லை என்றால் லெபு சூலியாவில் நாகூர் தர்கா. நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக இங்கு வந்த தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய சிறு கட்டடம், கால்மணி நேரம் போதும், படியும் இல்லாத மாதிரிதான். பக்கத்துத் தெருவில் உட்லண்ட்ஸ், அம்மாவுக்குக் காலைச் சாப்பாடு. 10:30க்கு விடுதியைக் காலி செய்துவிட்டுக் கிராப் அழையுங்கள். காலைப் போக்குவரத்தில் விமான நிலையத்துக்கு முக்கால் மணி நேரம் வைத்துக்கொண்டால் பதற வேண்டியதில்லை.